வாசலுக்கு வந்த நாற்காலி

கட்டக்காவிடம் பொய் சொல்லி ஜெயித்த ஆளை நான் பார்த்ததில்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நான் பசை காய்ச்சுகிறவள். அவள் பக்கத்து அறையில் முதலுதவி பார்க்கிறவள். நடுவில் இருப்பது பாதிச் சுவர்தான், ஆள் உயரத்துக்கு மேல் திறந்த வெளி. அந்தப் பக்கம் யார் முனகினாலும் இந்தப் பக்கம் என் காதில் விழும். விழாவிட்டாலும் நான் விழ வைத்துக்கொள்வேன், அது வேறு விஷயம். கட்டுப் போடுகிற அக்கா என்பது தேய்ந்து கட்டக்கா ஆகி, ஆபீஸில் இருப்பவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பேச விடுவாள். "எப்படிப்பா பட்டுச்சு?" அவ்வளவுதான் அவள் கேள்வி. ஒருவன் மணியைச் சொல்லி, நின்ற இடத்தைச் சொல்லி, அப்புறம் இது, அப்புறம் அது என்று வரிசையாக அடுக்கினால் அக்காவின் முகம் மூடிக்கொள்ளும். நிஜமாக அடிபட்டவனுக்கு மணி தெரியாது. அவன் ஞாபகத்தில் இருப்பதெல்லாம் கண்ட கண்ட சமாசாரமாக இருக்கும். யாரோ சிரித்தது, டீ ஆறிப்போனது, புதுச் செருப்பு நனைந்தது. "வலி வந்தா மனசு கையில கிடைச்சதைப் பிடிச்சுக்கும். பொய்க்காரன்தான் கடிகாரத்தைப் பிடிச்சுக்குவான்" என்பாள்.

ஒரு தடவை பேப்பர் ரீல் உருட்டுகிற ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். ரீல் காலில் ஏறிவிட்டதாம். லீவு நாளில் பந்து விளையாடிக் காலைப் பிசகிக்கொண்டது அவன் தெருவுக்கே தெரியும். அக்கா முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டாள். கட்டும் நன்றாகவே போட்டாள். கடைசியில், "மேல எழுதி அனுப்பட்டுமா, லீவு போட்டுட்டுப் போறியா?" என்று மட்டும் கேட்டாள். அவன் லீவு போட்டுவிட்டுப் போனான். இந்தச் சேதியை அவள் எங்கேயும் வாய் திறந்து சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், எனக்கு வாய் சும்மா இருக்காது.

இந்தக் கண் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. அவள் புருஷன் வேறொரு கம்பெனியில் சுமை இறக்குகிறவராக இருந்தார். லாரியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. சின்ன அடிதான், கொஞ்ச நாள் படுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுத்திருந்தவரைக் கம்பெனியிலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்க நாதியில்லை. மனிதருக்கு வயிற்றெரிச்சல். இத்தனை வருஷம் முதுகில் சுமந்தேனே, ஒருத்தனுக்கும் மனசு இல்லையே என்று புலம்பிப் புலம்பி, வலி போன பிறகும் வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு கம்பெனி ஆள் ஒருவன் எதிர்வீட்டு மாடியிலிருந்து நோட்டம் விடுகிறான் என்று தெரிந்தது. அன்றிலிருந்து அவர் ஜன்னல் பக்கம்கூட வருவதில்லை. எழுந்து நடந்தால் மாட்டிக்கொள்வோம் என்று படுத்தே கிடந்தார். கிடந்த உடம்பு கிடந்தபடியே கரைந்தது. நிஜமாகவே எழ முடியாமல் போய், அப்படியே போய்ச் சேர்ந்தார்.

"அவர் பொய்யரா பொறக்கலடி. யாராவது ஒருத்தர் வந்து பார்த்திருந்தா எழுந்து வேலைக்குப் போயிருப்பார்" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

எங்கள் பெரிய முதலாளி காலத்தில் அவள் இந்த வேலைக்கு வந்தாள். அப்போதெல்லாம் பொய்க் காயத்துக்கு நஷ்டஈடு கேட்பது எங்கள் கம்பெனியில் சகஜம். பெரியவர் தலையில் அடித்துக்கொள்வார். ஆள் வைத்து வேவு பார்க்கலாமா என்று யோசித்தவரிடம் அக்கா போய் நின்றாள்.

"வேவு பார்க்க அனுப்புற ஆளை, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்க அனுப்புங்க ஐயா."

"கேட்டா நடிக்கிறவன் நடிக்க மாட்டானா?"

"நம்மளை நினைச்சுக்கிட்டு வந்தாங்களேன்னு இருந்தா நடிக்க மனசு வராதுங்க. வீட்டுல தனியா போட்டுடறோம், அதுலதான் எல்லாம் கெடுது."

பெரியவர் அரைமனதாகத் தலையாட்டினார். அதிலிருந்து யாருக்கு அடிபட்டாலும் அக்கா வீடு தேடிப் போவாள். பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, குடும்பக் கதையெல்லாம் கேட்டுவிட்டு வருவாள். கீறல் விழுந்தாலும் உடனே வந்து சொல்லிவிட வேண்டும் என்று எல்லோரிடமும் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு நச்சரித்தாள். எந்த மெஷினில் அடிபட்டதோ அந்த மெஷினுக்குத் தடுப்பு போடும்வரை மெக்கானிக்கை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, தன் அறையில் ஜன்னல் பக்கமாக ஒரு கைவைத்த நாற்காலி போட்டாள். பாதி தேறியவர்கள் அதில் வந்து உட்கார்ந்து லேபிள் ஒட்டலாம், அச்சடித்த அட்டையில் குறை பார்க்கலாம். முழுச் சம்பளம். வீட்டில் கிடந்து மனசு அழுகுவதற்குப் பதில் நாலு பேர் முகத்தைப் பார்க்கலாம்.

சிம்மாசனம் என்று அதற்குப் பேர் வைத்தது நான்தான். யாராவது உட்கார்ந்திருந்தால் முக்காலியில் ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ராஜா, இன்னைக்கு என்ன உத்தரவு?" என்று கேட்பேன். அவர்களும் சிரிப்பார்கள். நாலு சுவருக்குள் நடக்கிற கேலிதானே. அந்த நாற்காலி வந்த பிறகு பொய்க் காயம் என்பதே அநேகமாக இல்லாமல் போனது.

பெரியவருக்குப் பிறகு அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். சின்னவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாங்கள் உஷாராக இருந்திருப்போம். அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஆள் அடிபட்டு வந்தால் எப்படிப் பேச விடுவது, எதைக் கவனிப்பது என்று அவளிடம் பாடம் கேட்டார். கடிகாரக் கதையை அவர் ரசித்துச் சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியாட்கள் வந்தால், "எங்க கம்பெனியில ஏமாத்து வேலை கிடையாது, காரணம் இவங்கதான்" என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

அந்த உற்சாகத்தில்தான் ஒருநாள் நாற்காலியை அறையிலிருந்து தூக்கிக்கொண்டு போய் வாசலில், எல்லோரும் கை ரேகை வைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் போட்டார். பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் வேறு. தலைக்கு மேலே ஒரு கேமரா.

"நல்ல விஷயத்தை ஏன்க்கா உள்ள ஒளிச்சு வைக்கணும்? எல்லாரும் பார்க்கட்டும்" என்றார்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் கையாலேயே துணி எடுத்து அதைத் துடைத்தாள். "உன் ஜன்னல் பக்கம் காத்து வருமே, இங்க புழுதிதானே வரும்" என்று நான் சொன்னேன். "உனக்கு எதுலதான் குறை இல்ல" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. உள்ளே வருகிறவனும் வெளியே போகிறவனும் நாற்காலியைத் தாண்டித்தானே போக வேண்டும். ஆளுக்கொரு கேலி. "கொடுத்து வெச்சவன்டா." "எனக்கும் ஒரு விரல் நசுங்க மாட்டேங்குதே." "ராஜா, சம்பளம் வாங்கக் கையைத் தூக்க முடியுமா?" கேலி செய்கிறவனுக்கு அது ஒரு வார்த்தை. உட்கார்ந்திருக்கிறவன் காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேமரா வேறு மேலேயிருந்து முறைத்துக்கொண்டிருக்கும். முதுகு பிடித்துக்கொண்ட வயசான தொழிலாளி ஒருவர் அதில் உட்கார்ந்து இரண்டாம் நாளே, "நான் வேலையே பார்த்துடறேம்மா" என்று ரீல் பக்கம் போய்விட்டார்.

அக்காவின் அறைக்கு வருகிற கூட்டம் குறைந்தது. பஞ்சு தீரவில்லை, மருந்து தீரவில்லை. அடிபடுவது குறைந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். அத்தனை பேர் பொய்யைக் கண்டுபிடித்தவளுக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை. எங்கள் ஆட்கள் அடிபடாமல் இல்லை. பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பைக் காயத்தின் மேல் சுற்றி, அதன் மேல் கையுறையை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். பாதிப் பேர் விரலில் அந்த டேப் இருந்தது. காயத்தை மறைத்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று சின்னவர் புது உத்தரவு போட்டிருந்தார். அதனால், ஒரு தடவை மறைத்துவிட்ட பிறகு அடிபட்டவனும் பேசவில்லை, பார்த்தவனும் பேசவில்லை.

அக்காவின் மருமகனும் எங்கள் கம்பெனிதான். பெட்டிக்குக் கம்பி தைக்கிற மெஷின் அவருக்கு. இருக்கிற இடம் தெரியாத மனிதர். அக்காவின் ஒரே மகளைக் கட்டியவர், ஒரு சின்னப் பெண் குழந்தை உண்டு. மாமியார் முதலுதவி அறையில் இருப்பதால் அவரைச் சும்மா விடுவார்களா? "உனக்கென்னப்பா, தும்மினாலே சிம்மாசனம்" என்று சீண்டிக்கொண்டே இருப்பார்கள். அதற்காகவே அந்த மனிதர் தலைவலிக்குக்கூட எங்கள் பக்கம் வந்ததில்லை.

ஒருநாள் மெஷினில் கம்பி சிக்கி, அதை இழுக்கும்போது அறுந்த முனை வலது கட்டைவிரலுக்குக் கீழே ஆழமாக இறங்கிவிட்டது. ரத்தம் பெரிதாக வரவில்லை. பக்கத்து மெஷின்காரர் டேப்பைக் கிழித்துக் கொடுத்தார். சுற்றிக்கொண்டு மிச்ச வேலையை முடித்தார். கையில் பசை, காகிதத் தூசி எல்லாம் உண்டு. அத்தனையும் டேப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் ஸ்பூனால் சாப்பிட்டாராம். கேட்டதற்கு, கை சுளுக்கு என்றாராம். காய்ச்சல் வந்து, கை முழங்கை வரைக்கும் வீங்கிச் சிவந்த பிறகு அக்கா மகள் அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். எப்படிப் பட்டது என்று டாக்டர் கேட்டபோது, "வீட்டுல ஆணி குத்திடுச்சு" என்றார். கம்பெனியில் பட்டதை மறைத்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். மனிதர் அந்த நேரத்திலும் வேலையைத்தான் காப்பாற்றப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

மயக்கம் தெளிந்த பிறகுதான் பெண்டாட்டியிடம் உண்மையைச் சொன்னார். வலது கை இல்லாத ஆளுக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள்? கம்பெனியில் பட்ட காயம் என்று நிரூபித்து நஷ்டஈடு வந்தால்தான் அந்தக் குடும்பம் பிழைக்கும். பக்கத்து மெஷின்காரர், "நான் ஒண்ணும் பார்க்கல" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். மறைத்ததற்கு உடந்தை என்று தன் வேலையும் போகுமே என்ற பயம் அவருக்கு.

மகள் ஒருநாள் சாயந்திரம் அக்காவின் அறைக்கே வந்துவிட்டாள். குழந்தை இடுப்பில்.

"அன்னைக்கே உன்கிட்ட வந்தார்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. நீ சொன்னா மறுபேச்சு கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"வரலையேடி."

"அவர் கையில கம்பி குத்தினது பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்புறம் என்ன? நிஜத்துக்குத்தானே சாட்சி சொல்லச் சொல்றேன்."

அக்கா ஜன்னல் பக்கம், நாற்காலி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் அதன் கால் பதிந்த தடம் இன்னும் இருந்தது.

விசாரணை அவள் அறையிலேயே நடந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீசர் ஒருவர் வந்திருந்தார், கூடச் சின்னவர். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க பக்கத்து ரூம்தானே? அந்த ஆள் இங்க வந்ததைப் பார்த்தீங்களா?"

"பசையிலேர்ந்து கண்ணை எடுத்தா கட்டி தட்டிடும் சார். வர்ற ஆள் போற ஆளை எல்லாம் நான் பார்க்கிறதில்ல."

என் காதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரும்பி வந்து பசை கிண்டுகிற துடுப்பைக் கையில் எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவிடம் கேட்டார்கள்.

"கையில கம்பி குத்தின அன்னைக்கு உங்க மருமகன் உங்ககிட்ட வந்தாரா?"

"வந்தார் சார்."

ஆபீசர் எழுதிக்கொண்டார் போலிருக்கிறது, காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் சின்னவர் கேட்டார். சத்தியமாக அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அக்காவிடம் கற்றுக்கொண்ட கேள்வி, பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"எப்படிக்கா பட்டுச்சுன்னு சொன்னார்?"

"காலையில பத்தேகால் இருக்கும். நான் பஞ்சு வெட்டிக்கிட்டு இருந்தேன். வலது கையை இடது கையால பிடிச்சுக்கிட்டு வந்தார். கம்பி குத்திடுச்சுன்னு சொன்னார். முதல்ல சோப்புத் தண்ணியில கழுவினேன். அப்புறம் மருந்து வெச்சேன். அப்புறம் கட்டுப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொன்னேன். சாயந்திரம் போறேன்னு சொன்னார்."

ஒரு படி பிசகாமல் வரிசையாகச் சொன்னாள். என் கையில் துடுப்பு நின்றுவிட்டது. ஐயோ, நிறுத்து அக்கா என்று என் மனசு அடித்துக்கொண்டது. அத்தனை வருஷமாகப் பொய்யைக் கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு, சொல்வதற்கு வேறு மாதிரி ஒரு பொய் தெரியவில்லை.

சின்னவர் சுவர் தாண்டிக் கேட்காதபடிக்குத்தான் சொன்னார், ஆனாலும் எனக்குக் கேட்டது.

"அக்கா, கடிகாரத்தைப் பிடிச்சுக்கிட்டீங்களே."

அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவள் சமாளித்திருப்பாள். அக்கா அழ ஆரம்பித்தாள். புருஷனுக்காக அழாதவள்.

"வரல தம்பி. என்கிட்ட வரல. ஆனா கம்பி குத்தினது இங்கதான். வாசல்ல போட்டிருக்கோமே அந்த நாற்காலி, அதுக்குப் பயந்துதான் வரல. வர விடாம பண்ணினது நாமதான்."

ஆபீசர் பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. "ஆஸ்பத்திரியில ஆணின்னு ஒரு கதை. இங்க கம்பின்னு ஒரு கதை. வந்தார்னு சொல்றீங்க, வரலைன்னும் சொல்றீங்க. நான் எதைம்மா நம்ப?"

"கை போனதை நம்புங்க சார்."

"கை போகலைன்னு யாரும் சொல்லல. எங்க போச்சுங்கிறதுதான் கேள்வி."

நஷ்டஈடு கிடையாது என்று தீர்ந்தது. கையும் களவுமாகப் பிடிபட்ட மோசடி என்று பேர் வேறு. அந்தப் பொய்யை அவள் சொல்லாமல் இருந்திருந்தாலும் கிடைத்திருக்குமோ என்னவோ, தெரியாது. ஆனால் இப்படி அசிங்கப்பட்டிருக்க வேண்டாம். சின்னவர் போலீஸுக்குப் போகவில்லை. அக்காவின் பழைய உழைப்புக்கு மரியாதையாம். அவளை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார். அவள் அறையில் சுவரில் ஒரு மருந்துப் பெட்டியைத் தொங்கவிட்டார்கள், அவ்வளவுதான்.

மருமகனுக்கு மட்டும் இரக்கப்பட்டு வேலை கொடுத்தார். இடது கையால் செய்கிற வேலை. லேபிள் ஒட்டுவது, அட்டையில் குறை பார்ப்பது. வாசலில், மஞ்சள் நாற்காலியில்.

முதல் நாள் அவர் அதில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒருவனும் வாய் திறக்கவில்லை. அத்தனை வாயாடிகளும் தலையைக் குனிந்துகொண்டு ரேகை வைத்துவிட்டுப் போனார்கள். சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. இடது கையால் லேபிளை உரிக்க வராமல் பல்லால் உரித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அக்கா சாப்பாடு கொண்டுவருவாள். உள்ளே விடமாட்டார்கள், கேட்டுக்கு வெளியே நிற்பாள். அங்கிருந்து பார்த்தால் நாற்காலி நேராகத் தெரியும். மகள் அவளோடு பேசுவதில்லை. மருமகன்தான் எழுந்து போய் வாங்கிக்கொள்வார். ஒருநாள் நானும் அவரோடு கேட்டு வரைக்கும் போனேன்.

"முதலாளித் தம்பிகிட்ட கேட்டு நாற்காலியை உள்ள ஜன்னல் பக்கம் போடச் சொல்லுங்களேன், மாப்பிள்ளை" என்றாள் அக்கா. "இங்க வர்றவன் போறவன் எல்லாம்..."

"இருக்கட்டும் அத்தை" என்றார் அவர். "எல்லாரும் பார்க்கட்டும்."

அக்கா பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு நடந்தாள். புருஷன் கிடந்த மாதிரியே இவளும் இப்போது ஜன்னல் பக்கம் வருவதில்லை என்று தெருவில் சொல்கிறார்கள். சாப்பாடு கொண்டுவர மட்டும் வெளியே வருகிறாளாம்.

போன வாரம் பசை பொங்கி என் புறங்கையில் கொட்டிவிட்டது. தோல் உரிந்து வந்துவிட்டது. சுவரில் தொங்குகிற மருந்துப் பெட்டியைத் திறந்தால் யார், எதற்கு என்று ஆபீஸில் சொல்ல வேண்டும். பழுப்பு டேப்பை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன். சாயந்திரம் ரேகை வைக்கப் போனபோது அந்தக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன். எத்தனை மறைத்தும் நாற்காலியில் இருந்த மருமகன் பார்த்துவிட்டார். லேபிளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கையில என்னக்கா?"

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.